உட்காராத கனகலட்சுமி

தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுகிறாள் கனகலட்சுமி. இரண்டு வாய்க்கு ஒரு முறை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்க்கிறாள். பிடித்து உட்கார வைத்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். பாயும் சேர்ந்து நகரும். படப்பையில் எங்கள் வீட்டுக்காரம்மா ராஜாமணி, "இன்னாம்மா, சோத்துக்குமா ஷிப்டு? குந்திக்கினு துன்னேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

என் தங்கை அவள். நான் பத்தாவது முடித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். ஒரகடம் கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து அனுப்புகிறேன். அவள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ரத்தம் கொடுத்தவர்கள் உண்டு. ரத்தத்தைப் படிக்கிறவள் இவள் ஒருத்திதான்.

நம் ரத்தத்தில் இயற்கைக் கொல்லிகள் என்று ஒருவகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. வைரஸ் புகுந்த அணுவையும், புற்றாக மாறத் தொடங்கும் அணுவையும் யார் உத்தரவுக்கும் காத்திராமல் கொல்பவை. உடல் மிகவும் பருத்தவர்களிடம் இவை மந்தமாகிவிடுவதாக வெளிநாட்டில் சிலர் கண்டிருக்கிறார்கள். ஊரில் ஒல்லியாக இருந்து, இங்கே இரவு ஷிப்டுக்கும் கேன்டீன் சாப்பாட்டுக்கும் வந்தபின் பருத்துப்போன பையன்களிடமும் அப்படித்தானா என்பது அவள் கேள்வி. அவள் பாணியில் சொன்னால்: "கேட்ல செக்யூரிட்டி நிக்காம்ணே. திருடன் வாரதப் பாக்கவும் செய்யான். கம்பத்தான் தூக்க மாட்டேங்கான். ஏன்னு தெரியணும்லா?"

அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நர்ஸ் லூர்தம்மாளுடன் வந்து, வாடகை அறைகளில் இருக்கும் பையன்களிடம் சம்மதம் கேட்டு ரத்தம் எடுக்கிறாள். ரத்தக் குப்பிகளை ஐஸில் வைப்பதில்லை. குளிரில் அந்த அணுக்கள் முடங்கிவிடுமாம். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போவாள். "அண்ணே, பள்ளம் பாத்துப் போங்க, உசுரு இருக்கு" என்பாள். ஓட்டுநர் திரும்பி அவள் வயிற்றைப் பார்ப்பார்.

போன மாதம் பருத்தவர்கள் வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் கிடைக்காவிட்டால் இந்த ஆய்வை நிறுத்திவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரு வருட உழைப்பு. பலர் வருகிறேன் என்று சொல்லி நழுவிய பிறகு, பக்கத்து அறை வேல்ராஜ் மட்டும் ஒப்புக்கொண்டான். வேலைக்கு வந்த புதிதில் பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டவன். இப்போது யூனிஃபார்ம் பொத்தான் பூட்டுவதில்லை.

சொன்ன நேரத்துக்கு வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்திருக்கிறான். "மெடிக்கல்னா இவன் மொத நாளே பட்டினி கெடப்பாம்லா" என்றான் அறைக்கூட்டாளி முப்பிடாதி. கான்ட்ராக்ட் வேலையில் கம்பெனி மெடிக்கல் என்றால், தேறாவிட்டால் வேலை போய்விடுமே என்று எல்லோருக்கும் பயம்தான்.

லூர்தம்மாள் ஊசியைப் பிரித்துவிட்டார். கனகலட்சுமி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வந்தவரைக்கும் எடுத்துக்கொண்டு போவோமே என்று லூர்தம்மாள் முணுமுணுத்தார்.

"ஓடினா, ரத்தக் குழாய் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்க அணுவெல்லாம் ரத்தத்துக்குள்ள வந்துரும்க்கா. ஷிப்டு விடுத நேரத்துல கேட்ல நின்னு ஆள் எண்ணுன மாதிரி ஆயிரும்."

வேல்ராஜுக்கு வேறு கவலை. "அப்பம் நான் பெயிலா தங்கச்சி? கம்பெனிக்கு எழுதிருவியோ?"

இதையும் கம்பெனி மெடிக்கல் என்று நினைத்துத்தான் மற்றவர்கள் நழுவினார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு தன் கையை லூர்தம்மாளிடம் நீட்டி ஒரு குப்பி ரத்தம் எடுக்கச் சொன்னாள். எண் மட்டும் ஒட்டிய அந்தக் குப்பியை வேல்ராஜிடம் கொடுத்து, "இதுல எம் பேரு எங்க இருக்கு, தேடிப் பாருண்ணே" என்றாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். இதற்கு முன் அப்படிச் சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம், வேல்ராஜ் வருவானா என்று கேட்டு எனக்கு எத்தனையோ முறை போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் அவள் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

ஞாயிறன்று, வெளியே போயிருந்த வேல்ராஜ் மெல்ல நடந்து வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றினான். மாடி ஏறி வந்ததே ஓட்டம் மாதிரிதான், அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்றார் லூர்தம்மாள். உட்கார்ந்தான், கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

கனகலட்சுமி போய் அவன் ஷூக்களை எடுத்து வந்தாள். மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். ஆடத் தொடங்கிய வலது முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.