ஏகாம்பரம் மாமா கண்ணாடி மாட்டிக்கொண்ட கதை

செய்தி வந்தபோது நான் ஆட்டோவில் இருந்தேன். கோபாலபுரத்தில் ஏறி அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி, நந்தனம் சிக்னலில் ஒரு யுகம் நின்று முடித்து அடுத்த யுகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தால் அக்கா மகள் தேன்மொழியின் படம். அதற்குக் கீழே ஓர் எறும்பு ஊர்வலம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கையை நீட்டினேன். கை தீர்ந்துபோனது, எழுத்து வரவில்லை. கடைசியில் டிரைவரிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்றேன்.

அவர் சத்தமில்லாமல் ஒருமுறை படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு மாமா, உடனே வாங்கன்னு போட்டுக்கீது." போனை என் கையில் பூப்போல வைத்துவிட்டு, "வண்டிய எங்க உடணும் நைனா?" என்று கேட்டார்.

மயிலாப்பூருக்கு விடச் சொன்னேன்.

ஏகாம்பரம் மாமாவை அறிந்த உங்களுக்கு இதில் உள்ள வேடிக்கை விளங்கும். எழுத்தைத் தூரத்தில் பிடித்துப் படிக்கும் கலைக்கு இந்த நகரத்தில் அவர்தான் சக்கரவர்த்தி. அந்தச் சக்கரவர்த்தி போன செய்தியை அவருடைய முறையிலேயே படிக்கப் பார்த்து நான் தோற்றேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமா என் அக்கா சகுந்தலாவின் கணவர். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு நிச்சயதார்த்தம் என்றாலும் லக்னப் பத்திரிகையை வாசிக்கும் உரிமை அவருக்கு மட்டுமே. இன்னாரின் பேரன், இன்னாரின் மகன், சிரஞ்சீவி இன்னாருக்கு என்று தொடங்கி முகூர்த்த நாள்வரை அவர் வாசித்து முடித்தால்தான் தட்டு மாறும். மைக் என்ற பொருளை அவர் தன் வாழ்நாளில் மதித்ததில்லை. மயிலாப்பூர் மண்டபத்தில் அவர் வாசித்தால் கொட்டிவாக்கத்து மீனவர்கள் படகைத் திருப்பிக்கொண்டு வந்து மொய் எழுதுவார்கள். வாசிக்குமுன் அவையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தமும் நின்ற பிறகே வாயைத் திறப்பார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அந்தக் கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்தது. உலகத்தில் எல்லாருக்கும் வருவதுதான். தனக்கு மட்டும் வரவில்லை என்று சாதித்தவர் மாமா ஒருவரே. "கண்ணுக்கு ஒண்ணுமில்ல மச்சான். பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிட்டான், காகிதம் மிச்சம் பண்றான்" என்பார். தி.நகரில் சாப்பிடப் போனால் மெனு கார்டைத் தொடவே மாட்டார். சர்வரைத் தோளில் தட்டி, "நீயே சொல்லுப்பா, எது சூடா கீது?" என்பார். பேப்பரை எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாராவது பிடித்தால் அட்சரம் பிசகாமல் படித்திருப்பார். எதிர்வீட்டுக்காரர் அந்த அளவுக்குப் பழக்கமில்லை. கண்ணாடி போடுங்கள் என்று அக்கா சொன்னால் ஒரே பதில்தான்: "தலைக்குச் சாயம் அடிக்கிறது எதுக்கு? கண்ணாடியைப் போட்டு வயசைக் காட்டிக் குடுக்கவா?"

நிச்சயதார்த்தங்களில் எப்படிச் சமாளித்தார் என்கிறீர்களா? முந்தைய நாளே அக்காவைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போவார். பத்திரிகை சும்மா கையில் இருக்கும்.

இப்படியே பதினைந்து வருஷம் ஓட்டியவருக்குத் தேன்மொழியின் நிச்சயம் வந்து சேர்ந்தது. ஒரே மகள். அக்கா நிதானமாகக் குண்டைப் போட்டாள்: "இந்த ஒரு தடவை என் தம்பி படிக்கட்டும். உங்களுக்குக் கண்ணும் இல்ல, இப்பல்லாம் ஞாபகமும் இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். "ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் நான் படிச்சேன். என் பொண்ணுக்கு இவன் படிப்பானா? இவன் குரல் கொசுவுக்கே கேக்காது" என்றார். அன்று மாலையே அடையாறில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனோம். எதிரியான என்னையே துணைக்கு அழைத்துப் போனதுதான் அவருடைய பெருந்தன்மை.

"இது என்ன வியாதி டாக்டர்?"

"வியாதி இல்ல சார். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக விறைச்சுப் போகும். கிட்டத்துல இருக்கறதப் பாக்க அது வளையணும், வளையாது."

"அப்ப வயசுக்கு மருந்து எழுதிக் குடுங்க."

"அது ஸ்டாக் இல்ல" என்றார் அந்த அம்மாள். சாதாரணமாகப் படிக்கும் கண்ணாடி ஒன்று போதும் என்று சொல்லிப் பார்த்தார். மாமா அது தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார்.

இரண்டு பவர் கண்ணாடியில் தொடங்கினோம். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு. போட்ட அன்றே வீட்டு மாடிப்படியில் கீழ்ப்பாதி வழியாகக் குனிந்து பார்த்து, இல்லாத ஒரு படியில் இறங்கினார். அடுத்தது கோடு தெரியாத புரோகிரஸிவ். பழகச் சில வாரம் ஆகும் என்றார்கள். மாமா ஒரு மத்தியானம் கொடுத்தார். பிறகு கான்டாக்ட் லென்ஸ், ஒரு கண் தூரத்துக்கு, இன்னொன்று கிட்டத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு சாம்பாரை இலைக்குப் பக்கத்தில் ஊற்றியவர் அசையாமல் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "ஒரு கண்ணு மயிலாப்பூர்ல கீது மச்சான், ஒரு கண்ணு அடையாறுல கீது. மூளை நடுப்பாலத்துல நிக்குது."

"லென்ஸையே மாத்திடுங்களேன்" என்று டாக்டரம்மாவிடம் மன்றாடினார்.

"புரை வந்து எடுக்கிற காலத்துல அதப் பேசலாம் சார். ஒரு பத்திரிகை படிக்கறதுக்காக நல்ல கண்ணுல ஏன் கத்தி வைக்கணும்?"

கடைசியில் புதிதாக வந்திருந்த சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னார். விழித்திரையைச் சோதித்துவிட்டு எழுதியும் கொடுத்தார். சில மணி நேரம்தான் தாங்கும், வெளிச்சம் குறைந்தால் மங்கலாகத் தெரியும், தலைவலி வரலாம், கண்ணில் மின்னல் வெட்டினால் உடனே ஓடிவர வேண்டும் என்று விரல் மடக்கி எச்சரித்தார். மாமாவின் காதில் 'தெரியும்' என்பது மட்டும் விழுந்தது. அன்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவர் வாசித்த வாசிப்பில் தெருவே கதவைத் திறந்தது.

நிச்சயத்தன்று பத்தரைக்கு முகூர்த்தம். மாமா பொறுக்கமாட்டாமல் விடியற்காலையிலேயே சொட்டைப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொட்டிவாக்கத்திலிருந்து வர வேண்டும். வழியெல்லாம் சாலையைத் தோண்டியிருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது நல்ல நேரம் கொஞ்சமும், மருந்து அதைவிடக் கொஞ்சமும் மிச்சமிருந்தன.

மாமா எழுந்தார். அவையைச் சுற்றிப் பார்த்தார். அப்பளம் அடங்கியது. பத்திரிகையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, எழுத்து போய்விட்டது. சொட்டை நம்பி இந்த முறை மனப்பாடமும் செய்திருக்கவில்லை. ஆனாலும் குரல் கிளம்பிவிட்டது. கிளம்பிய ரயிலை யார் நிறுத்துவது? தேன்மொழியின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னார். பிறகு நினைவில் கைவிட்டுத் துழாவி, கடைசியாக வாசித்த நிச்சயத்திலிருந்து கிடைத்ததை எடுத்தார்: "சிரஞ்சீவி இளங்கோவுக்கு!"

இளங்கோ என் மருமகன். மூன்றாவது வரிசையில், மடியில் கைக்குழந்தையோடு பாதாம்பால் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த என் மகள் வசந்தி என் பக்கம் குனிந்து, "அப்பா, மாமா என் வீட்டுக்காரர நிச்சயம் பண்றாரு. போய் நிறுத்து" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "ஆரம்பமே சரியில்லியே" என்று கேட்கும்படியே முணுமுணுத்தார். தேன்மொழி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழ வேண்டிய நேரம் அது. மாமா காகிதத்தைக் கை தீரும்வரை தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

நான் எழுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மரகதம் அம்மாள் எழுந்துவிட்டார். கழுத்தில் பாசிமணிச் சங்கிலியில் தொங்கிய சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நேராக மாமாவிடம் போனார்.

"இத மாட்டிக்கினு படிங்க சம்பந்தி. என் புள்ள பேரு அதுலதான் கீது."

அதற்குப் பிறகுதான் சபை சிரித்தது. அத்தையும் சிரித்துவிட்டார். மாமா மாட்டிக்கொண்டார், சங்கிலியோடு. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, பவரும் பொருந்திவிட்டது. காகிதத்தைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு தொடங்கினார். இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் மேலுலகத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை கதிரவனின் பெயரை, முந்தையதற்கும் சேர்த்து, இருமுறை சொன்னார்.

அந்த மௌனத்தைப் பற்றிப் பந்தியில் கேட்டேன். "தேன்மொழின்னு போட்டிருந்துச்சு மச்சான். அவ பேரை எழுத்துல பாத்து எத்தினி வருசமாச்சு" என்றார். உடனே பாயசம் கேட்டார்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சம்பந்தியம்மாள் வாங்கவில்லை. "வச்சிக்கோங்க, எங்க வீட்ல ரூமுக்கு ஒண்ணு கீது." அன்றுமுதல் அந்தச் சிவப்பு மாமாவின் முகத்தை விட்டு இறங்கவில்லை. "கண்ணாடி போட்டா என் வயசு தெரியும்னு பயந்தேன். போட்டா மத்தவங்க வயசுதான் தெரியுது. உங்க அக்காவுக்கு இவ்ளோ நரையா?" என்பார். உள்ளிருந்து அக்கா, "அதையும் மைக் இல்லாமதான் சொல்லணுமா?" என்பாள்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தேன்மொழி அந்தக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு நிச்சயம் இருக்கிறது. பத்திரிகையை நீ படி என்று அக்காவும் சொல்லிவிட்டாள். கொசுவுக்குக் கேட்டால் போதும் என்று நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சிவப்புக் கண்ணாடியும், வாசிக்குமுன் சபையைச் சுற்றிப் பார்க்கும் பழக்கமும். வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு, ஆட்டோவில் தவறவிட்ட அந்தச் செய்தியைத் திறந்தேன். எறும்புகள் எழுத்தாகி நின்றன. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு எழுந்து நின்று, தேன்மொழி எழுதாமல் விட்டதையும் சேர்த்து, இன்னாரின் பேரன், இன்னாரின் மகன், திருவாளர் ஏகாம்பரம் என்று தொடங்கி, என்னால் முடிந்த உச்சக் குரலில் முழுவதும் வாசித்தேன்.

ஒரு பெயர்கூடத் தப்பவில்லை மாமா.