மிளகுத் தராசும் கயிற்றின் கடைசி ஆளும்

கயிறிழுப்பதற்கு விதி உண்டு என்பதை எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. ஒரு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் ஒரு கோடு. இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்பதுதான் பொது அபிப்பிராயம். அறுபதுகளில் ஒரு தோட்டத்துத் துரை, லீவில் சீமைக்குப் போய்த் திரும்பும்போது சர்வதேச விதிப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, இனிமேல் எல்லாம் இதன்படிதான் என்றுவிட்டார். நான் அப்போது மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன். அச்சடித்த எதையும் கடைசிப் பக்கம்வரை படிக்கும் வியாதி எனக்கு இருந்ததால், பலாபத்வல அணி என்னைச் செயலாளராக்கியது.

பக்கத்துக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரின் மொத்த எடை நூறு ஸ்டோனை, அதாவது பன்னிரண்டரை அந்தரை, தாண்டக் கூடாது. முக்கியமாக, இழுக்கும்போது உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் எச்சரிக்கை, திரும்பத் திரும்ப உட்கார்ந்தால் அணியே வெளியே.

எங்கள் கயிற்றின் கடைசி ஆள், பலாபத்வலையில் மிளகும் கொக்கோவும் வாங்கும் முதலாளி. கடைசி ஆள் மட்டுமே கயிற்றை உடம்பில் சுற்றிக்கொள்ளலாம். அவர் உடம்பைச் சுற்றிவரவே கயிற்றில் நல்ல பங்கு செலவானது. வெற்றி தோல்வியில் அவருக்கு அக்கறை இல்லை. மாத்தளை டவுனில் அவருடைய மச்சான்மார் மூன்று பேர் இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அவரை 'உக்காந்த மாப்புள' என்றுதான் அழைத்தார்கள். கல்லாப்பெட்டியை விட்டு அவர் எழுந்ததைக் கண்டவரில்லையாம்.

"ஐயா, அன்னைக்கு அவங்க முன்னால நான் நின்னுட்டேன்னா போதும்ங்க. ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் நீங்க பாத்துக்கங்க" என்றார் முதலாளி.

போட்டிக்கு முன்பாக எடை பார்த்துக்கொள்வது நல்லது என்றேன். பலாபத்வலையில் ஆளை நிறுக்கக்கூடிய தராசு முதலாளியின் கடையில் மட்டுமே இருந்தது. மிளகுச் சாக்கு ஏறும் தட்டில் எட்டுப் பேரும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கூட்டினால் பன்னிரண்டரை அந்தருக்குள் சௌகரியமாக அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் முதலாளி எல்லோருக்கும் உளுந்து வடை வரவழைத்தார். விதிப்புத்தகத்தில் தராசு என்று இருந்தது. யாருடைய தராசு என்று இல்லை.

போட்டி மாத்தளை மைதானத்தில். துரை அரசாங்க முத்திரை குத்திய தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். எட்டுப் பேரும் ஏறி இறங்கினார்கள். கணக்கு அரைச் சாக்கு மிளகு அளவுக்கு மேலே நின்றது.

வடையின் மீதுதான் நான் சந்தேகப்பட்டேன். எங்கள் அணியில் நாலாவது ஆளுக்கு, யட்டவத்த ஊர் முஸ்லிம் பெரியவரான நானாவுக்கு, வேறு யோசனை. அவர் பல வருஷமாக முதலாளிக்கு மிளகு விற்பவர். முள்ளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு தாடியைத் தடவிக்கொண்டார்.

"பயப்படாதீங்க முதலாளி. ஈரத்துக்குக் கொஞ்சம் கழிச்சா சரியா வந்துரும்."

ஒவ்வொரு போகத்திலும் அவருடைய காய்ந்த மிளகைப் பார்த்து முதலாளி சொல்லும் வாசகம் அது. முதலாளி பெல்ட்டையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, ஈரத்தைக் குறைக்க மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான்மார் வந்து வேலியோரம் நின்றார்கள்.

"அடேயப்பா, மாப்புள எந்திரிச்சிட்டாரு! எவனாச்சும் கல்லாவத் தூக்கிட்டு ஓடுறானா?"

ஓடியும் முள் இறங்கவில்லை. விதிப்படி, எடை போட்டு முடியும்வரை ஆளை மாற்றலாம் என்றேன். அணி என்னைப் பார்த்தது. கச்சேரியில் என்னைவிட மெலிந்தது பேனா மட்டும்தான். விலகுவது யார் என்பதே கேள்வி. எல்லார் கண்ணும் முதலாளியின் வயிற்றில் போய் நின்றது. அவர் வேலிப் பக்கம் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விதி பேச எனக்கே வாய் வரவில்லை.

நானா கால் சப்பாத்தைக் கழற்றினார். "அவர் நிக்கட்டும். நான் வெளியே இரிக்கிறேன். ஆனா ஒண்ணு முதலாளி, அடுத்த போகத்து மிளக இந்த மாதிரித் தராசுல போடுவோமா?"

"போடுவோம் நானா, போடுவோம்" என்று முதலாளி அவசரமாகத் தலையாட்டினார். நானாவுக்குப் பதிலாக நான் ஏறியதும் முள் அடங்கியது.

எதிரே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். ஆட்டம் மூன்று இழுவைக்கு. மூன்றாவதுக்கு நாங்கள் அவசியம் வைக்கவில்லை. என் பங்களிப்பு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. ஆனால் எனக்குப் பின்னால் முதலாளி உட்காரவில்லை. குதிகால் மண்ணைக் கிழிக்க, நின்ற நிலையிலேயே கோடுவரை இழுபட்டு வந்தார். மைதானத்தில் இரண்டு ஆழமான உழவுச் சால்கள் விழுந்திருந்தன.

"ஐயா, நான் உக்காந்தேனா?"

"இல்லீங்க. விதிப்படி கடைசிவரைக்கும் நின்னீங்க."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, வேலிக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். மூத்த மச்சான் உள்ளே வந்து, குனிந்து, சால்களின் ஆழத்தை விரலால் பார்த்தார்.

"மாப்புள, வர்ற போகத்துக்கு எங்க வில்கமுவ வயலுக்கு வந்துருங்க. மாட்டுக் கூலி மிச்சம்."

முதலாளி இடுப்பிலிருந்த கயிற்றை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை.

"எத்தனை ஏக்கர் மச்சான்?" என்று நின்றபடியே கேட்டார்.