அப்பா காட்டிய பாவ்லா

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது 'பாவ்லா' என்ற சொல் அடிபடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டால், "பாவ்லா காட்டாத, எழுந்திரு" என்பாள் அம்மா. பந்தை எறிவதுபோல் கையை ஓங்கிவிட்டு எறியாமல் நிற்கும் அண்ணன் செய்ததும் பாவ்லாதான். விலை கட்டாது என்று இரண்டடி நடந்து, மீன்காரம்மா திரும்பக் கூப்பிடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொள்ளும் அம்மாவும் அதையேதான் செய்தாள். ஆனால் அதை நாங்கள் சொல்லிவிட முடியாது. ஏமாற்றுதான், யாருக்கும் நஷ்டமில்லாத ஏமாற்று. எட்டு வயதில் நான் அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் அர்த்தம் வைத்திருந்தேன்.

அதில் பெரிய கில்லாடி அப்பாதான் என்பது என் எண்ணம். அவர் மில்லில் தறி ஓட்டியவர். தறிகள் போடும் இரைச்சலில் அங்கே யார் கத்தினாலும் கேட்காதாம். உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். மில் மூடிய பிறகு, எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தியதும் எதிரே போய் நின்று, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைப்பேன். 'கடலை மிட்டாய் வாங்கித் தா.' "நாளைக்குப் பாப்பா" என்று பதில் வரும். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாலோ திரும்பவே மாட்டார். எனக்காகவே அப்படி நடிக்கிறார் என்று எனக்குத் தாங்காத பெருமை.

அந்த வருஷம் மாசிமகத்தன்று, வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, அப்பாவின் கம்பெனி சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அண்ணன் ஓடிப்போய் பன்னீர் சோடா வாங்கிவந்தான்.

"உங்கப்பா மாதிரி ஆளு கெடைக்காது பாப்பா. மத்தவன்லாம் தூங்குவான். இவுரு உக்காரவே மாட்டாரு, ரோட்டையே பாத்துக்கினு நிப்பாரு" என்றார் அவர். அப்பா தலையைக் குனிந்து சிரித்தார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "சார், எங்கப்பா இதவிட ஒண்ணு செய்வாரு, பாக்கறீங்களா?" என்று அப்பா எதிரே போய் நின்றேன். என் உதடு அசைந்தது. வழக்கம்போல அவர் பதில் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னொண்ணு சார், பின்னாடிலேர்ந்து கூப்டா கேக்காத மாதிரியே இருப்பாரு!"

அப்பா அப்போது சோடாவை டம்ளரில் ஊற்றத் திரும்பியிருந்தார். சூப்பர்வைசர் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார். "லாரி வந்துட்சி, கேட்டத் தொறங்க." அப்பா ஊற்றிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் இன்னும் உரக்கச் சொன்னார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "பாவ்லா பண்றாரு சார்! புள்ளைங்களோட சேந்து எப்பவும் இப்படித்தான், வெறும் பாவ்லா!" என்றாள். அவள் குரல் ஏன் நடுங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா டம்ளரோடு திரும்பி, எங்கள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். சோடாவைக் குடித்து முடித்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போகவில்லை. லாரி பின்னால் வரும்போது ஹாரன் கேட்காத ஆளை கேட்டில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து, அம்மா சொல்லி. அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு வலிக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பதில் எனக்குக் கொண்டாட்டம். எதிரே போய் நின்று உதட்டை அசைத்தேன். 'கடற்கரைக்குப் போலாமா?' அவர் என் உதட்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாவ்லா! பாவ்லா!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். அப்பா திரும்பவே இல்லை.