நிறுத்திவிட்ட மோட்டார்

பொங்கலுக்கு மகளும் மருமகனும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே அவர்கள் ஆசை ஆசையாய் வாங்கிய வீட்டில் ஒரு நீச்சல் குளம் உண்டு. திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கேயோ முந்தின ராத்திரியிலிருந்து உறைபனியாம். போனும் கையுமாக மகள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் நடந்தால் எனக்குக் கை ஓடுமா, கால் ஓடுமா? தோசையைத் திருப்ப மறந்து, கருகினதை நானே தின்றேன்.

உட்காரேன்டி என்று அதட்டியதும் விஷயத்தைச் சொன்னாள். குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறையாதாம். நின்றால் உறைந்து, பெருத்து, குழாயை வெடிக்கவைத்துவிடுமாம். குழாயெல்லாம் மண்ணுக்குள், வெடித்தால் தோட்டத்தையே தோண்டவேண்டும். அதனால் மோட்டாரை ஓடவிட்டே வீட்டைப் பூட்டி வந்திருக்கிறார்கள். ஓடுகிற மோட்டாரை விட்டுவிட்டு ஊருக்கு வருவதா!

அந்நேரம் சம்பந்தியம்மாவின் போன் வந்தது; மகள் ஸ்பீக்கரில் போட்டாள். அவர் அங்கே அதே தெருவிலிருக்கும் பெரிய மகன் வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூரில் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடி, கிணற்று மோட்டாரைப் போட்டும் அணைத்தும் நெல்லும் மணிலா வேர்க்கடலையும் விளைவித்தவர்.

“காலையில உன் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போனேம்மா. ஆளில்லாத வீட்ல மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது. அணைச்சிட்டு வந்தேன். இல்லன்னா உள்ள இருக்கிற காயில் கம்பி எரிஞ்சிருக்கும்.”

மகள் மெதுவாக, மருமகனின் அண்ணன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். அவன் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டான், தெருவெல்லாம் ஐஸ், தான் திரும்பி வரும்போதே வழுக்கிவிட்டது என்றார் அவர். “இன்னா வேணும் சொல்லு, நான் வேணா மறுபடி போய்ட்டு வரட்டா?”

சொல்லுடி என்று நான் கையை ஆட்டினேன்.

“வேணாங்க அத்தை. நல்ல வேலை பண்ணீங்க. வெளிய போவாதீங்க, போத்திக்கினு படுங்க.”

போனை வைத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போய் மோட்டாரைப் போடச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கத்தினேன்.

“அங்க இப்ப ராத்திரி, அந்த இருட்டுல அவங்க விழுந்தா? குழாய் போனா போவுதும்மா” என்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள். கோயிலிலிருந்து வந்த மருமகனிடம், அத்தை காதுக்கு இது போகவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

குழாய் வெடித்தது. சம்பந்தியம்மா ஊர் திரும்பும்வரை காத்திருந்து அப்புறம்தான் தோட்டத்தைத் தோண்டினார்கள்.

போன மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரியிடம் அந்தக் கதையை ஆரம்பித்தார். “நான் மட்டும் இல்லன்னா அன்னிக்கு மோட்டாரே போயிருக்கும்.” எனக்கு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் எங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். கதையைப் பாதியில் விட்டு ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். யோசிக்கவில்லை, கை தானாகப் போனது.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஆமாங்க, நல்ல வேளை நீங்க இருந்தீங்க” என்றேன்.