சியாங் மாய் ரயிலில் கொண்ட நித்திரை

நான் முதுகுப்பை வாங்கி வந்த அன்று அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடையில் மீன் பார்ப்பதுபோல அங்கும் இங்கும் அமத்திப் பார்த்தார். தாய்லாந்துக்குப் போகிறேன், மூன்று கிழமை, பையை முதுகில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றப்போகிறேன் என்று சொன்னேன்.

"நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினது காணாதோ? இப்ப காசு குடுத்து ஓடப்போறியோ? அதுவும் அங்கயோ?"

அங்கே என்று அம்மா சொன்னதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பிக் கனடாவுக்கு வருவதற்கு முன், எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் எங்களைப் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் வைத்திருந்தான். திரைச்சீலை திறக்கவே கூடாது. சீருடை போட்டவர்கள் வந்தால் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: கண்ணை மூடி நித்திரை கொள்வது. நித்திரை கொள்ளுகிற பிள்ளையை ஒருத்தரும் எழுப்ப மாட்டினம் என்று அம்மா சொல்லித் தந்தார். நான் அதில் வெகு கெட்டிக்காரனாகிவிட்டேன். குறட்டைகூடப் பழகிக்கொண்டேன்.

பிறகு கனடா வந்தோம், குடியுரிமை எடுத்தோம், எனக்குத் தொந்தியும் வைத்தது. இப்போது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகங்கள் பொதி செய்யும் இடத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். ஆனால் அந்த ஆறு வயதுக்காரன் என்னை விட்டுப் போகவில்லை. மெட்ரோவில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால் இன்றைக்கும் என் இமைகள் தானாகக் கீழே இறங்கும். பையில் மாதாந்த அட்டை இருக்கும், காசு கட்டியிருப்பேன், இருந்தும் நித்திரை. இப்படி நான் இறங்க வேண்டிய தரிப்பிடங்களைப் பல தடவை தவறவிட்டிருக்கிறேன்.

அம்மா கடைசியில் விட்டுக்கொடுத்தார். கடவுச்சீட்டை வைக்க ஒரு துணிப்பை தைத்து, அதை என் உள்ளுடுப்பின் இடுப்புப் பட்டியோடு சேர்த்து மூன்று பக்கம் தைத்தார். பாங்கொக் விமான நிலையம் தாண்டியதும் நாலாம் பக்கத்தை நானே மூடித் தைக்க வேண்டும் என்று ஊசியும் நூலும் தந்தார். அவசரத்துக்கு எப்படி எடுப்பது என்று கேட்டேன். எடுக்காமல் இருக்கத்தான் தைக்கிறது என்றார். முருகன் கோயில் திருநீறு ஒரு பொட்டலத்தையும், ஒரு சின்னப் பிள்ளையார் படத்தையும் பைக்குள் திணித்தார்.

சியாங் மாயில் நான் தங்கிய விடுதியில் எங்கள் ஊர் மொன்றியல்காரி ஒருத்தி இருந்தாள், பிரெஞ்சு பேசுகிறவள். உலகத்தில் அவளுக்குப் பயமான பொருள் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய கடவுச்சீட்டு பையின் வெளிப்பக்கச் சேப்பில், ஒரு வாழைப்பழத்தோடு சேர்ந்து கிடந்தது. நான் ஏன் எப்போதும் இடுப்பைத் தடவிக்கொண்டே நடக்கிறேன் என்று கேட்டாள். முதுகுவலி என்று சொல்லி வைத்தேன்.

நூடில்ஸ் தின்று நாக்குச் செத்துப்போன ஒரு நாள், அங்கிருந்த ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவோடு போனில் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவால் ஓர் ஆள் அகப்பையோடு எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். போனை வைத்ததும் கிட்ட வந்து, மிக மெதுவாக, "தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உலகத்தின் எந்த மூலையிலும் தப்ப முடியாது.

அண்ணையின் கதை நீளம், நான் சுருக்கிச் சொல்கிறேன். மனைவியும் மகளும் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மென்டில். இவர் இங்கே விசா முடிந்து, பாங்கொக்கில் அடிக்கடி பிடிக்கிறார்கள் என்று வடக்கே வந்து இந்தக் குசினிக்குள் ஒளிந்திருக்கிறார். வருடக்கணக்காகக் காத்திருந்த கனடா விசா நேர்முகத்துக்கு இப்போது அழைப்பு வந்திருக்கிறது. பாங்கொக் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் மனைவியிடம் போக வழி பிறக்கும். வழியில் பொலிஸ் பிடித்தால் தடுப்பு முகாம், அங்கிருந்து திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

நாங்களும் பாங்கொக் போகிறோமா என்று கேட்டார். ஓம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது எதற்குக் கேட்டார் என்று.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை தம்பி. பக்கத்தில இருந்தாலே காணும்."

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. காய்ச்சல்போல ஆபத்தான வருத்தம் அது. நான் மொன்றியல்காரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் உற்சாகமாகிவிட்டாள். திட்டமும் அவளுடையதுதான். மூன்று பேரும் ஒரு சுற்றுலாக் கூட்டமாகப் போவோம். பொலிஸ் வந்தால் நான் சத்தமாக ஆங்கிலத்தில் பகிடி விட்டுச் சிரித்து, எங்கள் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் நீட்ட வேண்டும். கனடா என்று கண்டால் மற்றவரைக் கேட்காமல் போய்விடுவார்கள். என்னுடையது எங்கே தைபட்டுக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போட்டுத் திரிகிற, யானை அச்சடித்த தொளதொளக் காற்சட்டை ஒன்றை அண்ணைக்கு வாங்கிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. இதைப் போட்டபடி மனிசி கண்டால் நேர்முகமே வேண்டாம் எண்டிடுவா என்றார்.

காலை ரயில். அண்ணை ஜன்னலோரம், நான் அவர் பக்கத்தில், எதிரே அவள். வயல்கள் ஓடின. அண்ணை மடியில் ஒரு தோடம்பழத்தை வைத்து உருட்டிக்கொண்டே வந்தார், உரிக்கவில்லை. நான் விடவேண்டிய பகிடியை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதன் முடிவு மறந்துபோனது. 

மத்தியானம் ஒரு சின்னத் தரிப்பிடத்தில் ரயில் நின்றது. பொரித்த கோழி விற்கும் பெண் ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து விரைவாகப் போனாள். நான் தலையைத் திருப்பினேன். பெட்டியின் அந்த முனையில் மண்ணிறச் சீருடைகள் மூன்று ஏறின. ஒவ்வோர் இருக்கையாக நின்று, குனிந்து, கை நீட்டி வந்தன.

பக்கத்தில் அண்ணை தோடம்பழத்தை உருட்டுவதை நிறுத்தினார். மொன்றியல்காரி என்னைப் பார்த்து, இப்போது பகிடி என்று கண்ணால் காட்டினாள்.

நான் கண்ணை மூடி நித்திரையாகிவிட்டேன்.

சத்தியமாக நான் செய்யவில்லை. இமைகள் செய்தன. வாய் தானாகத் திறந்தது. பிறகு, கடவுளே, குறட்டையும் வந்தது. சப்பாத்துச் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. கண்ணைத் திற, அண்ணையைப் பிடிக்கப்போகிறார்கள், திற என்று எனக்கு நானே கத்தினேன். திறபடவில்லை. அந்தத் திரைச்சீலை போட்ட அறைக்குள் மறுபடி போய்விட்டேன். இந்த முறை அம்மா பக்கத்தில் இல்லை.

ஒரு கை தோளைத் தட்டியது. குறட்டை கூடியது. மொன்றியல்காரி பிரெஞ்சில் எழும்படா என்று காலால் உதைத்தாள். நித்திரை கொள்கிறவனுக்கு ஆறாக வியர்க்காது என்பது அந்தப் பொலிஸ்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெருவிரலால் என் ஒரு இமையைத் தூக்கினார். எதிரே ஒரு பெரிய மூக்கு தெரிந்தது. அவர் மற்ற இருவரையும் கூப்பிட்டார்.

ஏதோ போதையில் கிடக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பையைத் திறந்தார்கள். முதலில் வந்தது அம்மாவின் பொட்டலம். உள்ளே வெண்சாம்பல் நிறத் தூள்.

அந்த நாட்டில் போதைப்பொருளுக்கு மரண தண்டனையும் உண்டு என்பது அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. கண் பட்டென்று திறந்தது. எழுந்து நின்றேன். கடவுச்சீட்டு கேட்டார்கள். பெட்டி முழுவதும் பார்த்திருக்க நான் காற்சட்டைப் பொத்தானைக் கழற்ற, ஒரு பொலிஸ்காரர் பின்னால் பாய்ந்தார். அம்மாவின் நூல் எதற்கும் அசையவில்லை. கடைசியில் மொன்றியல்காரியின் நகவெட்டியால் நூல் நூலாக வெட்டினோம். மூன்று பொலிஸ்காரர்களும் என் இடுப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். யானைக் காற்சட்டை போட்ட அண்ணை மற்றப் பயணிகளைப் போலவே கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தோடம்பழத்தை உரித்திருந்தார்.

மூவரில் வயதான பொலிஸ்காரர் பொட்டலத்தை மோந்து பார்த்தார். பைக்குள் இருந்த பிள்ளையார் படத்தைக் கண்டார். உடனே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டு, ஒரு துளி எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். ஈரமாக வெளியே வந்த கடவுச்சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு ஏதோ வருத்தம், பாங்கொக் போனதும் டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று மொன்றியல்காரிக்குச் சைகையால் புத்தி சொன்னார். அடுத்த தரிப்பிடம் வந்தது. இறங்கிவிட்டார்கள். அண்ணையை ஒருத்தரும் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்து அண்ணை ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

"என்ன நடிப்புத் தம்பி."

"அண்ணை, நடிப்பில்லை. பயம்."

அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அன்று பாங்கொக் போய்ச் சேர்ந்தார். நேர்முகத்துக்கும் போனார். இன்னும் ஒரு தரம் கூப்பிடுவோம் என்றார்களாம்; பிறகு எப்படியோ சியாங் மாய்க் குசினிக்கே திரும்பிவிட்டார்.

மொன்றியலுக்கு வந்து கோயிலுக்குப் போனால் என்னைப் பற்றி ஒரு கதை எனக்கு முன்னமே வந்திருந்தது. பொலிஸைத் தன் பக்கம் இழுத்து ஒரு ஆளைக் காப்பாற்றினவன். நான் பயந்து செத்தேன் என்று கண்ட எல்லாரிடமும் சொன்னேன். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்றார்கள். சொல்லச் சொல்ல அடக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால், அண்ணையின் மனைவி என் கார் பக்கத்தில் நின்றார். கையில் மூடி போட்ட ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சுற்றி வளைக்காமல் கதைத்தார். அண்ணைக்குத் திரும்பவும் ஒரு நேர்முகம் வந்திருக்கிறது, இதுதான் கடைசி, திரும்பவும் அதே ரயில், திரும்பவும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு அங்கேயே வியர்த்தது. சுற்றிவர உறைபனிக் குளிர்.

"அக்கா, உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. நான் பயந்தாங்கொள்ளி. அண்டைக்குக் கதைக்கச் சொல்ல நித்திரை கொண்டனான்."

"தெரியும். அவர் சொன்னவர். நீங்கள் நடுங்கின நடுக்கத்தில தன்ர இருக்கையும் ஆடினதாம்." பெட்டியை என் கையில் தந்தார். "நடிக்கிற ஆள் எண்டால் பொலிஸ் கண்டுபிடிச்சிடுவான் தம்பி. உங்கட பயம் உண்மையான பயம். அது வேற ஆரிட்டையும் இல்லை."

 இல்லை என்று சொல்ல எனக்கு வராது என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

இப்போது முதுகுப்பை மறுபடியும் வீட்டு நடுவில் நிற்கிறது.  அம்மா கட்டிலில் இருந்துகொண்டு துணிப்பையை இந்த முறை இரட்டை நூலால் தைக்கிறார். ஊசி உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்ணிறச் சப்பாத்துகள் கிட்ட வருகிற சத்தம் காதில் கேட்கிறது.

எனக்கு இப்போதே நித்திரை வருகிறது.