விட்டத்தில் பாதி

எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியருக்கு அந்த நாட்டுக் கல்லூரிகளில் அதுதான் மரியாதை. ஃப்ராவ்கே மட்டும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறாள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

வயது முப்பத்தொன்று. எட்டு வருஷம் கப்பல் பட்டறையில் இரும்பு கடையும் லேத்தில் நின்றவள். கட்டைவிரலில் இரும்புச் சீவல் கிழித்த தழும்பு. நுண்கணிதம் அவளுக்கு வராது என்று சொன்னால் பொய். கூம்பு கடைந்த கைக்குச் சரிவு தெரியும். சீவல் சீவலாகக் கூட்டினால் கன அளவு என்பதும் தெரியும். அதைத்தான் பேராசிரியர் லூடேமன் பலகையில் கிறுக்கிவிட்டு, நடுவில் நாலு வரியை விழுங்கி, "இது பாத்தாலே தெரியுமே" என்பார். பாத்தாலே தெரிந்தால் இவர் எதற்கு?

அவளைக் கவிழ்த்தது ஒரே கணக்கு. வளைகோட்டைச் சுழற்றினால் வரும் திட உருவத்தின் கன அளவு. பட்டறைப் படத்தில் உருண்டைச் சாமானுக்கு விட்டம்தான் போடுவார்கள். கை பழகிவிட்டது. ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டாள், இதுவரை எழுதித் தவறிய இரண்டு தேர்விலும். விடை நாலு மடங்கு வீங்கியது.

திருத்திய தாளைப் பார்க்க இருபது நிமிஷம் கொடுத்தார்கள். பேனா கூடாது. எதிரே லூடேமன்.

"வழி முழுக்கச் சரியா இருக்கே சார். அதுக்கு ஒரு மார்க்கு கூடவா இல்ல?"

"விடை தப்பும்மா. நாலு மடங்கு கனமா கப்பல் கட்டினா மிதக்குமா?"

"கப்பல் நான் கட்டியிருக்கேன் சார். நீங்க கட்டல."

மூன்றாவது தடவையும் தவறினால் நாடு முழுக்க எந்தக் கல்லூரியிலும் இந்தப் பொறியியல் படிப்பைத் தொட முடியாது. சட்டம். பக்கத்து இருக்கை யான்னெஸ், பத்தொன்பது வயசு, சும்மா இருக்க மாட்டான்.

"என்னக்கா, இன்னைக்கு யாருக்குத் திட்டு?"

"எல்லாருக்கும் ஆச்சு. நீதான் மிச்சம்."

பிறகு மூன்றாவது தேர்வு வந்தது, காலை எட்டு மணிக்கு. நாலாவது கேள்வி அதேதான். பூச்சாடி மாதிரி ஒரு வடிவம், குறுக்கே விட்டத்தின் அளவு போட்டிருந்தது. லூடேமன் வரிசைக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வந்து நின்றபோதும் ஃப்ராவ்கே நிமிரவில்லை. கேள்வியைக்கூட முழுசாகப் படிக்கவில்லை. பேனாவை உளியைப் பிடிப்பதுபோல் பிடித்து, படத்தின் நடு அச்சிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழிந்து, அடியில் இருந்த மேசையிலும் அந்தக் கோடு விழுந்தது.