கையா, தலையா?

மாவட்டக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நான் பந்தைக் கையால் தட்டித்தான் கோல் போட்டேன். அது அறுபதுகளின் தொடக்கம். நடுவர் கவனிக்கவில்லை. சித்தையன்கோட்டை ஆட்களுக்கும் அவர்களுடைய கோல்கீப்பருக்கும்தான் சந்தேகம். நெட்டை மனிதர்; அந்த சீசனில் அதுவரை ஒரு கோல்கூட விடாதவர். ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்தைத் தட்டி, அதனிடமே "செத்த நேரம் பாத்துக்கப்பு" என்பார்.

என்னிடம் வந்தார். "கையா, தலையா அப்பு?"

"தலைதாண்ணே."

கத்திக்கொண்டிருந்த தன் ஆட்களிடம் திரும்பினார். "ஏலே, அவந்தான் தலைங்கிறான்ல? விடுங்க."

கோப்பை எங்களுக்கு வந்தது.

மூன்று வருடம் கழித்து, என் பதக்கத்தோடு அவருடைய வெங்காயத் தோட்டத்துக்குப் போய், "கைதாண்ணே" என்று நீட்டினேன்.

"இதச் சொல்ல இம்புட்டு நாளா?" என்று சிரித்தார். பதக்கத்தை ஒரு தட்டுத் தட்டி என் சட்டைப்பையிலேயே போட்டார். "செத்த நேரம் பாத்துக்கப்பு."

அவர் இறந்து வெகுகாலமாகிறது. நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.